ஆகாய விமானத்தில் அணைக்கச் சொல்வது ஏன்?

ஆகாய விமானம் ஓடுபாதையை நோக்கி நகரத் தொடங்கியதும், பிரயாணிகள் தத்தம் கைத்தொலைபேசிகளை அணைத்துவிட வேண்டும், அல்லது 'விமான முறை'க்கு மாற்றிவிட வேண்டும் என்று பணிப்பெண் அறிவிப்பது இன்று சிறுவர்களுக்கும் மனனமாகிவிட்ட வாசகமாகும். அதனைக் கேட்டதும் சிலர் பணிகின்றனர். சிலர் பணிவதுபோலக் காட்டித் தொலைபேசியை மடியிலே கிடக்கும் பத்திரிகையின்கீழ் மறைத்துக்கொள்கின்றனர். இன்னுஞ் சிலர், "இதெல்லாம் வெறும் பயமுறுத்தல்" என்று பக்கத்து ஆசனத்தாருக்குப் பிரசங்கஞ் செய்யத் தொடங்கிவிடுகின்றனர்.

பௌதிகம் பயிலும் மாணாக்கர் இது குறித்து ஒரு வினா எழுப்புவதுண்டு. "பேனாக்கத்தியைக்கூட வாயிலிலே பறித்து வைத்துக்கொள்கின்றார்களே! கைத்தொலைபேசி விமானத்தை வீழ்த்த வல்லதாயின் அதனை மட்டும் உள்ளே கொண்டுசெல்ல விடுவானேன்? வல்லதன்றாயின் அணைக்கச் சொல்வானேன்?" வினா நல்ல வினாவே. 'சட்டம் அப்படி' என்று சொல்லி அதனைத் தட்டிக்கழிப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆயினும் ஒரே வரியில் விடை சொல்லவும் இயலாது. ஏனெனில், இக்கட்டளையின் பின்னே ஒரு காரணமன்று, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த பல காரணங்கள் நிற்கின்றன. அவற்றுட் சில இன்று தேய்ந்துவிட்டன. ஒன்று புதிதாக வளர்ந்துவருகின்றது.

முதற் காரணம் தொலைபேசியால் வந்ததன்று, வானொலிப் பெட்டியால் வந்தது. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே 'திரான்சிஸ்ரர்' பொருத்திய சிறு வானொலிப் பெட்டிகள் கையிலே தூக்கிச் செல்லத்தக்கனவாய் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. பிரயாணிகள் அவற்றை விமானத்திலும் கொண்டுபோய்ப் பாட்டுக் கேட்கலாயினர். வானொலி அலைகளை வாங்கும் கருவிதானே, அது எதனை வெளியே விடப்போகின்றது என்றே எவரும் எண்ணுவர். நுட்பம் இங்கேதான் இருக்கின்றது.

வானொலிப் பெட்டி வெளியிலிருந்து வரும் அலையை அப்படியே பெருக்கிக் காதுக்குத் தருவதில்லை. தன்னுள்ளே அமைந்த அலையம் ஒன்றினால் தானும் ஓர் அலையை உண்டாக்கி, வந்த அலையோடு அதனைக் கலந்து, இரண்டின் மீடிறன்களுக்கும் உள்ள வித்தியாசத்தையே பெருக்குகின்றது. எஃப். எம். வானொலியில் இவ்வித்தியாசம் 10.7 மெகாஹேட்ஸ் ஆகும். எனவே, ஒருவர் 100 மெகாஹேட்ஸில் ஒலிக்கும் நிலையமொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருடைய பெட்டிக்குள்ளே 110.7 மெகாஹேட்ஸ் மீடிறனுடைய அலை பிறந்துகொண்டேயிருக்கும். அதில் ஒரு சிறு பகுதி பெட்டியை விட்டு வெளியே கசியும்.

இனி விமானத்தின் பக்கம் வருவோம். மேகத்துக்கு மேலே செல்லும் விமானிக்கு வழிகாட்ட, தரையிலே வி. ஓ. ஆர். எனப்படும் வானொலித் திசைகாட்டி நிலையங்கள் நிறுவப்பட்டிருந்தன. இன்றும் பல நாடுகளில் அவை உள. நிலையத்திலிருந்து தான் எத்திசையில் நிற்கின்றது என்பதை விமானத்திலுள்ள முள் அவ்வலையைக் கொண்டே காட்டும். அந்நிலையங்கள் ஒலிபரப்பும் மீடிறன் 108 முதல் 118 மெகாஹேட்ஸ் வரையாகும். மாணாக்கர் ஒரு தாளை எடுத்து 97.3 உடன் 10.7ஐக் கூட்டிப் பார்க்கட்டும். சரியாக 108 வரும். ஆகவே, எஃப். எம். வரிசையிலே 97.3க்கு மேல் எந்த நிலையத்தைக் கேட்டாலும் பிரயாணியின் பெட்டி விமானியின் திசைகாட்டி பேசும் வரிசையிலேயே தானும் முணுமுணுக்கும். தரை நிலையத்தின் அலை பல மைல் கடந்து மெலிந்து வருவது. பெட்டியின் அலை மெல்லியதேயாயினும் சில அடி தூரத்திலிருந்து பிறப்பது. விமானத்தின் உடல் உலோகமாதலால் அலைகளை அது பெரிதும் தடுக்கும்; ஆனால் ஜன்னல்கள் உலோகமல்லவே! அவற்றின் வழியே வெளிப்பட்ட அலை, புறத்தே பொருத்திய அலைவாங்கிகளை எட்டிவிடும்.

இது ஊகமன்று. அமெரிக்காவிலே பரிசோதித்து நிறுவப்பட்டதாகும். அதன் பயனாக 1961ஆம் ஆண்டு மே மாதத்திலே, வி. ஓ. ஆர். கொண்டு வழியறிந்து செல்லும் விமானங்களில் எஃப். எம். வானொலிப் பெட்டியை இயக்கலாகாது என்று அந்நாட்டில் விதி பிறந்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய கட்டுப்பாடுகளுக்கு இது முன்னோடியானது. பௌதிகப் பாடநூலிலே காட்டத்தக்க அத்துணைத் தெளிவான காரணம் இதற்கு இருந்தது என்பதை மனத்திற் கொள்க. பின் வந்தவற்றுக்கெல்லாம் இவ்வளவு தெளிவு இல்லை.

சில ஆண்டுகளில் விதி விரிந்தது. வானொலிப் பெட்டி மட்டுமன்றி, பிரயாணி கொண்டுவரும் எந்த மின்னணுக் கருவியும் தடைக்குள் வந்தது. காது கேட்க உதவும் கருவி, இருதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் கருவி, குரற்பதிவுக் கருவி, மின்சாரச் சவரக் கருவி ஆகிய நான்குக்கு மட்டும் பெயர் குறித்து விலக்களித்தனர். முதலிரண்டும் உடம்போடு ஒட்டியவை; அவற்றின் நியாயம் விளங்குகின்றது. இருதயத்துக்குச் சமமாகச் சவரக் கருவியும் அச்சபையில் இடம்பெற்றதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பு வராமலில்லை. அக்காலத்து விமானப் பிரயாணிகளுட் பெரும்பாலோர் கூட்டத்துக்குச் செல்லும் கனவான்கள் போலும்!

மற்றக் கருவிகளை அனுமதிப்பதா இல்லையா என்பதை விமானக் கம்பெனியே தீர்மானிக்கலாம் என்றும் அவ்விதி கூறிற்று. ஆனால், இடையூறு செய்யாது என்று தீர்மானிக்கும் பொறுப்பும் கம்பெனியின் தலைமேலே விழுந்தது. ஒவ்வொரு வகை விமானத்திலும் ஒவ்வொரு கருவியையும் சோதித்து முடிப்பதென்பது எவராலே ஆகும்? 'வேண்டாம்' என்று சொல்வது எளிது, செலவுமில்லை. பல்லாண்டுகளாக நாம் கேட்டுவந்த பொதுத் தடையின் பெரும்பங்கு இவ்வாறு வந்ததேயாகும். ஆபத்து நிறுவப்பட்டமையால் வந்த தடையன்று, ஆபத்தின்மை நிறுவப்படாமையால் வந்த தடை எனலாம்.

அப்படியாயின் அஞ்சியது வீணோ? அவ்வாறும் சொல்லிவிட முடியாது. போயிங் கம்பெனியார் தமக்குக் கிடைத்த முறைப்பாடுகள் சிலவற்றை வெளியிட்டிருக்கின்றனர். 1995ஆம் ஆண்டிலே, 737 வகை விமானம் ஒன்றில் பிரயாணியொருவரின் மடிக்கணினியால் தன்னியக்கிக் கருவி விடுபட்டுப் போனதாக அறிவிக்கப்பட்டது. போயிங் கம்பெனியார் அக்கணினியை அப்பிரயாணியிடமே விலைகொடுத்து வாங்கி ஆய்வுகூடத்தில் வைத்து அளந்தனர். விமானத்துக்குரிய கருவிகளுக்கு விதித்த எல்லைக்கு மேலாக அது அலைகளை வெளியிட்டது உண்மையே. ஆனால், பின்னர் விமானத்தில் ஏற்றிச் சோதித்தபோது சொல்லப்பட்ட குறை தோன்றவேயில்லை. 1998இல் 747 விமானம் ஒன்று தானாகவே சற்றுச் சரிந்து திரும்பத் தொடங்கியது. ஒரு பிரயாணியின் கைக்கணினியை அணைத்து ஒரு நிமிடத்தில் வழிக்கு வந்தது. விமானிகள் அதனைத் தம் அறைக்குக் கொணர்வித்து, ஏற்றியும் அணைத்தும் பார்த்தனர். ஏற்றியபோது கோளாறு வந்தது, அணைத்தபோது போயிற்று. அதே இனத்துக் கருவியை ஆய்வுகூடத்திலே சோதித்தும் அதுவே காரணமென உறுதிப்படுத்த இயலவில்லை.

விஞ்ஞானம் பயில்வோர் இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் நின்று சிந்திக்க வேண்டும். கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. அனுபவம் மிக்க விமானிகள். ஆய்வுகூடத்தாரும் பொய் சொல்லவில்லை. ஒரு விமானத்திலே தேய்ந்த கம்பியுறை, தளர்ந்த இணைப்பு, கருவி இருந்த ஆசனம், அன்று உடனிருந்த வேறு கருவிகள் எல்லாம் கூடி ஒருமுறை நிகழ்வதை மறுமுறை நிகழ்த்திக் காட்டுவது மிக அரிது. மறுமுறை நிகழாததை விஞ்ஞானம் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் 400 பேரைச் சுமந்து செல்பவன் அதனை அலட்சியஞ் செய்யவும் மாட்டான். ஆய்வுகூடத்தின் நீதி வேறு, விமானியின் நீதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதாலேயே பக்கத்து ஆசனத்துப் பிரசங்கங்கள் பிறக்கின்றன.

2003ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூசீலந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரருகே சிறு விமானம் ஒன்று இறங்கும்போது வீழ்ந்து, பதின்மரில் எண்மர் மாண்டனர். இறங்கும் வேளையில் விமானியின் சொந்தக் கைத்தொலைபேசி இணைப்பிலேயே இருந்தது என விசாரணையிலே தெரியவந்தது. குறித்த உயரத்துக்குக் கீழே விமானி தாழ்ந்துவிட்டமையே முதன்மையான காரணம். தொலைபேசி இறங்குவழிக் கருவியைப் பிழைபடக் காட்டச் செய்திருக்கக்கூடும் என்று மட்டும் விசாரணையாளர் கூறினர். 'கூடும்' என்ற அச்சொல்லுக்கு மேலே நாமும் ஏறலாகாது, கீழேயும் இறங்கலாகாது.

கைத்தொலைபேசிக்கு மற்றுமொரு காரணம் உண்டு. அது விமானத்தைப் பற்றியதே அன்று என்பதைப் பலர் அறியார். தரையிலே தொலைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய சிறு வட்டாரத்தைக் காக்கின்றன. ஒரு வட்டாரத்திலே பயன்படும் மீடிறனைச் சற்றுத் தொலைவிலுள்ள வேறொரு வட்டாரத்தில் மீளவும் பயன்படுத்துவர். தரையிலிருந்து பேசுபவனுக்கு அண்மைக் கோபுரங்கள் சிலவே எட்டும். வீடும் மரமும் மேடும் மற்றவற்றை மறைத்துவிடும். ஆறு ஏழு மைல் உயரத்திலிருந்து பேசுபவனுக்கோ மறைப்பு ஏது? எண்ணிறந்த கோபுரங்கள் ஒருசேர அவன் பார்வையிலே படும். இக்குழப்பத்தை அஞ்சியே 1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொடர்பாணைக்குழு பறக்கும் விமானத்திலிருந்து கைத்தொலைபேசியில் பேசுவதைத் தடுத்தது. 2013இல் அத்தடையை நீக்க ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. 2020இல் அந்த யோசனையே கைவிடப்பட்டது. பிரயாணிகளும் பணியாளரும் அதனை எதிர்த்ததில் அலைநூலைவிட அயலவரின் ஓயாப் பேச்சைப் பற்றிய அச்சமே மிகுதி என்பது நமது எண்ணம். நமது பஸ் வண்டிகளில் பிரயாணஞ் செய்வோர் அவர்கள்மேற் குற்றங் காணார்.

தொலைவிலுள்ள கோபுரத்தை எட்ட வேண்டித் தொலைபேசி தன் குரலை உயர்த்திக்கொள்ளும் என்பதும் அறியத்தக்கது. பழைய ஜி. எஸ். எம். தொலைபேசிகள் இரண்டு வாற்று வலுவரை ஏறக்கூடியவை. வானொலிப் பெட்டிக்கருகே அவற்றை வைத்தபோது அழைப்பு வருமுன்னரே 'கிர் கிர்' என்ற இரைச்சல் எழுந்தது பலருக்கு நினைவிருக்கும். விமானிகளின் காதுக்கருவியிலும் அதே இரைச்சல் கேட்டது. தரைக்கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லும் உயரத்தின் ஓர் எண் அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகுமானால் அது சிறிய காரியமா? விமானம் வீழாவிட்டாலும் வேலை கெடும். இக்காலத்துத் தொலைபேசிகள் ஐந்திலொரு வாற்று அளவிலேயே பேசுவன. அந்த இரைச்சலும் பெரிதும் அடங்கிவிட்டது.

காலம் மாறிற்று. விமானக் கருவிகளுக்கும் கம்பிகளுக்கும் காப்புறை வலுத்தது. 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம், பெரும்பாலான விமானங்கள் இக்கருவிகளின் அலைகளைத் தாங்கவல்லன எனக் கண்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் அவற்றை விமான முறையில் வைத்துப் பயன்படுத்தக் கம்பெனிகளை அனுமதித்தது. ஐரோப்பா அடுத்த ஆண்டில் இன்னும் ஒருபடி முன்னே சென்று, சோதித்துத் திருப்தியடைந்த கம்பெனிகள் விமான முறையைக்கூட வற்புறுத்த வேண்டியதில்லை என்றது. மடிக்கணினி போன்ற கனத்தவற்றை ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே வைக்கச் சொல்வது அலைக்காகவன்று. விமானம் திடீரெனத் தடைப்பட்டால் அவை பிறர் தலையிலே பாயும் என்பதற்காகவே.

தடை தளர்ந்ததைக் கண்டு, 'பழைய அச்சமெல்லாம் மூடநம்பிக்கை' என்று முடிவுகட்டுவோர்க்கு ஒரு செய்தி சொல்வோம். அடுத்த ஆண்டிலேயே, 2014இல், 1,300க்கும் மேற்பட்ட போயிங் 737, 777 விமானங்களில் விமானியின் முன்னுள்ள காட்சித்திரைகளை மாற்றும்படி அதே நிருவாகம் கட்டளையிட்டது. 'வைஃபை' அலைகளை அருகிலிருந்து பாய்ச்சிச் சோதித்தபோது அத்திரைகள் அணைந்து போகக் கண்டதே காரணம். பறக்கும் விமானத்தில் நிகழ்ந்த விபத்தினால் வந்த கட்டளையன்று. சோதனையிலே கண்டு முன்கூட்டியே செய்த திருத்தம். தடையை நீக்கியவரும் திருத்தத்தை விதித்தவரும் ஒருவரே. அதில் முரண்பாடில்லை.

இனி, வளர்ந்துவருகின்றது என்று மேலே நாம் சொன்ன காரணத்துக்கு வருவோம். அது அலையன்று, நெருப்பு.

கைத்தொலைபேசி, மடிக்கணினி, தொலைபேசிக்கு மின்னேற்றும் 'பவர் பாங்க்' ஆகிய யாவற்றிலும் இருப்பது இலிதியம் அயன் பற்றரி. சிறிய இடத்தில் மிகுந்த சக்தியை அடக்கிவைப்பதே அதன் பெருமை; அதுவே அதன் அபாயமும் ஆகும். உள்ளே நேர்முனையையும் மறைமுனையையும் பிரிப்பது மெல்லிய தாள் போன்ற ஒரு படலம். நசுங்கியோ, செய்கையிற் குறைபட்டோ, அளவுக்குமேல் மின்னேற்றப்பட்டோ அப்படலம் கிழியுமானால் குறுஞ்சுற்று உண்டாகிச் சூடு பிறக்கும். அச்சூடு உள்ளிருக்கும் இரசாயனங்களைத் தூண்டி மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். ஒரு கலத்தின் சூடு அயற்கலத்துக்குத் தாவும். இவ்வாறு தானே தன்னை வளர்க்கும் தீயை வாயுவினால் அணைப்பது அரிது. பொதி அறையிலுள்ள 'ஹேலன்' என்னும் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும். கலத்தினுள்ளே நிகழும் சூடேற்றத்தை நிறுத்தாது. தண்ணீரை மேன்மேலும் ஊற்றிக் குளிர்விப்பதே வழி. பறக்கும் விமானத்தின் பொதி அறைக்குள் தண்ணீர்க் குவளையோடு எவர் இறங்குவார்?

2010ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆந் திகதி துபாய் அருகே வீழ்ந்த சரக்கு விமானம் ஒன்றிலே, இலிதியம் பற்றரிகள் அடங்கிய பொதிகளின் பகுதியிலிருந்தே தீ எழுந்தது. விமானிகள் இருவரும் மாண்டனர். 2016 ஏப்பிரில் முதலாந் திகதியிலிருந்து பிரயாணிகள் விமானங்களில் இலிதியம் அயன் பற்றரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவது சர்வதேசரீதியாகத் தடுக்கப்பட்டது. 2025 ஜனவரி 28ஆந் திகதி தென்கொரியாவின் பூசான் நகரிலே, புறப்படக் காத்துநின்ற ஏர்பஸ் விமானமொன்று தீப்பற்றிக் கூரை எரிந்துபோனது. உள்ளிருந்த 176 பேரும் உயிர்தப்பினர். தலைக்கு மேலுள்ள பெட்டியிலே யாரோ வைத்த பவர் பாங்க் ஒன்றே காரணமாகலாம் என விசாரணையாளர் தெரிவித்தனர். விமானம் தரையில் நின்றது அவர்கள் செய்த பாக்கியம். மார்ச் முதலாந் திகதியிலிருந்து அந்நாட்டு விமானங்களில் பவர் பாங்கைத் தலைமேற் பெட்டியில் வைக்கலாகாது. நம்மவர் பலர் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் துபாய் வழியாகச் செல்வதுண்டல்லவா? எமிரேற்ஸ் விமானங்களில் 2025 ஒக்டோபர் முதல், ஒருவர் ஒரு பவர் பாங்க் மட்டுமே கொண்டுசெல்லலாம். அதனைப் பயன்படுத்தவோ அதற்கு மின்னேற்றவோ கூடாது.

இப்பொழுது மாணாக்கரின் வினாவுக்கு விடை சொல்லலாம். பேனாக்கத்தியைப் பொதி அறைக்குப் போகும் பெட்டியினுள்ளே வைக்கவேண்டும். கையிலே கொண்டுசெல்லக் கூடாது. பவர் பாங்கைக் கையிலே கொண்டுசெல்லவேண்டும். பொதி அறைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. கத்தி மனிதர் கைக்கு எட்டாதிருத்தல் நலம். பற்றரி மனிதர் கண்ணுக்கும் கைக்கும் எட்டியிருத்தல் நலம். புகை கிளம்பினால் உடனே காணவும் தண்ணீர் ஊற்றவும் ஆளிருக்கும். ஆசனத்தின் இடுக்கிலே தொலைபேசி விழுந்துவிட்டால் ஆசனத்தை அசைக்காமற் பணியாளரை அழைக்கச் சொல்வதும் இதன்பொருட்டேயாகும். சாயும் ஆசனத்தின் இரும்பு பற்றரியை நசுக்கிவிடும்.

நம் இல்லங்களிலே பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்லும் தாய்மார், பனங்கட்டிக்கும் மிளகாய்த் தூளுக்கும் நடுவே சேலைமடிப்பில் பவர் பாங்கைச் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் பத்திரப்படுத்துவதுண்டு. பத்திரம் என்று எண்ணிச் செய்வது அது. பிரயாணத்துக்கு முதல்நாள், வீட்டிலே கணக்குத் தெரிந்த பிள்ளை அதனை எடுத்து, பின்புறத்திலே பொடியெழுத்தில் அச்சிட்டுள்ளதை வாசிக்கட்டும். 20,000 மில்லியம்பியர் மணி என்றிருந்தால் அது 20 அம்பியர் மணி. 3.7 வோற்றினாற் பெருக்க 74 வாற்று மணி வரும். 100 வாற்று மணி வரை தடையின்றிக் கைப்பையிலே கொண்டுசெல்லலாம். 160 வரை கம்பெனியின் அனுமதி வேண்டும். அதற்கு மேலே பிரயாணிக்கு அனுமதியில்லை. மலிவு விலையிலே 50,000 என்று அச்சிட்டு விற்கும் பெட்டிகளையும் சந்தையிலே காண்கின்றோம். கணக்கிட்டால் 185 வாற்று மணி வரும். அந்த எண் மெய்யாயின் விமானத்தில் ஏற்றத்தகாதது. பொய்யாயின், எண்ணிலே பொய் சொன்னவன் உள்ளிருக்கும் படலத்திலே எவ்வளவு மெய்யாக நடந்திருப்பான்? இரண்டில் எதுவாயினும் அதனை வீட்டிலே விட்டுச் செல்க.